பாங்காக்கில் இரண்டாம் நாளே 26,800 பாட் போச்சு: "ரயில் ஃபுல்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று குருங் தேப் அபிவத் ரயில் நிலையத்தில் தரையில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 26,800 பாட். நம் காசுக்கு எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல். ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு மூன்று வாரம் சிக்கனமாகச் சுற்றலாம் என்று ஒரு வருஷமாகச் சேர்த்த பணத்தில் பாதி. அதை அரசாங்க ஆபீஸ் என்று நம்பிப் போன ஒரு பயண ஏஜென்சியின் மேஜையில், முக்கால் மணி நேரத்தில், "தேங்க்யூ" வேறு சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் நானும் இவரும்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. டான் மியாங் விமான நிலையத்தில் காலையில் இறங்கி, டாக்ஸிக்காரர்களை எல்லாம் தாண்டி ஏ4 பஸ் பிடித்து 50 பாட்டில் காவோசான் பக்கம் வந்துவிட்டோம். அந்தக் கெத்து இருக்கிறதே, அதுதான் பின்னால் குழியில் தள்ளியது என்று இப்போது தோன்றுகிறது. ராம்புத்ரி சந்தில் மின்விசிறி அறை. மாலையில் பிரா ஆதித் துறையில் ஆரஞ்சுக் கொடி படகு ஏறி, ஆளுக்கு 16 பாட், வாட் அருண் கோவில் கோபுரத்தில் வெயில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, ராத்திரி செவன் லெவனில் சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியை வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து தின்றோம். இவர் அன்றைய செலவை நோட்டில் எழுதி, "பாத்தியா, பட்ஜெட்டுக்குள்ளதான் இருக்கோம்" என்றார். அந்த நோட்டை இப்போது திறக்கவே மனசு வரவில்லை.

மறுநாள் காலை அரண்மனைக்கு நடந்து போனோம். சனம் லுவாங் மைதானத்தை ஒட்டி வரும்போது கழுத்தில் ஏதோ அடையாள அட்டை தொங்க ஒரு பெரியவர். "இன்று பிக்குகளின் பூஜை, வெளிநாட்டவருக்கு மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்" என்றார். பிறகு தெரிந்தது, அப்போதும் உள்ளே கூட்டம் போய்க்கொண்டுதான் இருந்தது, டிக்கெட் 500 பாட். ஐம்பதடி எட்டி வைத்து வாசலைப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பார்க்கவில்லை. அவரே ஒரு டுக்டுக்கை நிறுத்தி, மூன்று கோவில் சுற்றி வர 40 பாட் என்று பேசிக் கொடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் "இதுகூடத் தெரியாமலா போனீங்க" என்று கேட்பீர்கள். தெரியும். நவரத்தினக் கடைக்குக் கூட்டிப்போய் சாயக்கல்லை நீலக்கல் என்று தலையில் கட்டும் ஏமாற்று பல வருஷப் பழசு, எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தோம். ஏறும் முன்பே இவர் கறாராகச் சொன்னார், கல் கடை, தையல் கடை எதற்கும் வரமாட்டோம் என்று. டுக்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "நோ நோ, ஜெம் ஷாப் எல்லாம் ஃபிராடு, நீங்க போகவே கூடாது!" அவ்வளவுதான், விழுந்துவிட்டோம். திருடனைப் பற்றி நமக்கு எச்சரிக்கை சொல்பவன் எப்படித் திருடனாக இருப்பான்?

வாட் இந்தாரவிகானுக்கு நிஜமாகவே கூட்டிப்போனார். 32 மீட்டர் உயரத்தில் நிற்கிற புத்தர், காலடியில் நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. வெளியே வந்ததும், "அடுத்து எங்கே போகப் போறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். வடக்கே இருக்கும் சியாங் மாய் என்றோம், இன்னும் ரயில் டிக்கெட் போடவில்லை என்பதையும் நானே வாயைக் கொடுத்துச் சொன்னேன். "அப்போ அரசாங்க சுற்றுலா ஆபீஸ் போகிற வழியில்தான் இருக்கு, மேப் இலவசம்" என்றார்.

பெயர் சொல்லவில்லை. சுற்றுலாப் பயணச்சீட்டு விற்கும் ஒரு தனியார் ஏஜென்சி, அவ்வளவுதான் அது. ஆனால் பலகையில் தாய்லாந்து சுற்றுலா ஆணையத்தின் மூன்றெழுத்து, TAT, பெரிதாக, அதற்குக் கீழே உரிம எண் சின்னதாக. உள்ளே நல்ல ஏசி, ஜில்லென்று தண்ணீர் பாட்டில், சுவரில் பெரிய வரைபடம். மேஜைக்கு அந்தப் பக்கம் முப்பது வயதிருக்கும் ஒரு ஆள், சென்னை என்றதும் "வணக்கம்" என்றார். நான் உருகிவிட்டேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல.

எங்கள் திட்டத்தைக் கேட்டு, வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டு, பொறுமையாக எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். நீண்ட விடுமுறை வருகிறதாம், ஞாயிறு வரை ரயில் எல்லாம் ஃபுல்லாம். கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார், வரிசையாகச் சிவப்புக் கட்டங்கள். தாய் எழுத்து, நமக்கு என்ன தெரியும்? இவர் கொஞ்சம் தயங்கினார். உடனே அந்த ஆள், "என்னை நம்ப வேண்டாம், ரயில்வேயையே கேளுங்கள்" என்று எண்ணை அழுத்தி, தாய் மொழியில் இரண்டு வார்த்தை பேசி, போனை இவர் கையில் கொடுத்தார். ஒரு பெண் குரல். "சியாங் மாய்? ஃபுல் சார். சண்டே வரை ஃபுல்."

இந்த இடம்தான். இந்தப் போன்தான். அதுவரை எனக்குள் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அந்தக் குரலோடு போய்விட்டது. அது பக்கத்து அறையிலிருந்துகூட வந்திருக்கலாம். எண்ணை அழுத்தியது யார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா?

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. விஐபி பஸ், சியாங் மாயில் மூன்று இரவு ஓட்டல், காட்டு நடை, அங்கிருந்து தெற்கே கோ டாவ் தீவுக்கு பஸ்ஸும் படகும், தீவில் இரண்டு இரவு. இரண்டு பேருக்கும் சேர்த்து 26,800. பஸ் வியாழன் இரவு, பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும், கடை வாசலிலிருந்தே வேன். கார்டில் 20,000, கையில் 6,800. கார்டுக்கு மூன்று சதவீதம் தனி, அதை நான் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. கொடுத்தது ஒரு மஞ்சள் கார்பன் ரசீதும், ஸ்டேப்ளர் அடித்த நாலு துண்டுச் சீட்டும். சீட்டில் ஓட்டல் பெயர் கையெழுத்தில். ரசீதின் அடியில் எறும்பு சைஸில் "பணம் திரும்பத் தரப்படாது".

அன்று ராத்திரி பக்கத்து அறை டச்சுப் பெண்ணிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "ஃபுல்லா? நான் இன்று மதியம்தானே நாளைக்கு டிக்கெட் வாங்கினேன்" என்றாள். வயிற்றில் புளியைக் கரைத்தது. மறுநாள் காலை சனம் சாய் நிலையத்தில் மெட்ரோ ஏறி, பாங் சூவில் இறங்கி, இந்தக் குருங் தேப் அபிவத் நிலையத்துக்கு வந்தோம். நீண்டதூர ரயில்கள் பெரும்பாலும் 2023 ஜனவரியிலிருந்து இங்கேயிருந்துதான் புறப்படுகின்றன, பழைய ஹுவா லாம்போங்கிலிருந்து இல்லை. கவுண்டரில் கேட்டோம். கீழ்ப் படுக்கை இல்லை, மேல் படுக்கை தினமும் இருக்கிறது. ஆளுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் பாட்.

சியாங் மாய் ஓட்டலுக்குப் போன் போட்டோம். போனை எடுத்த பெண் மூன்று முறை தேடினாள். இவர் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என் மாமனார் பெயர்தானே, அந்தப் பெயரிலும் தேடச் சொன்னோம். அவர் பெயரிலும் அறை இல்லை.

பணத்தைத் திரும்பக் கேட்கக் கடைக்கு ஓடினோம். "வணக்கம்" ஆள் இன்று லீவாம். முதலாளி புக்கெட் போயிருக்கிறாராம். டிக்கெட் போட்டாகிவிட்டதாம், ரத்து செய்தால் சிஸ்டம் ஏற்காதாம். ஓட்டலில் பெயர் இல்லையே என்றால், "அன்றைக்குக் காலையில்தான் அனுப்புவோம்". அரசாங்க ஆபீஸ் என்றீர்களே என்றால், "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை, டுக்டுக்காரர் சொல்லியிருப்பார்". அதுவும் உண்மைதான், பாருங்கள்! புதன்கிழமை மறுபடி போனோம், அதே தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். வாட்ஸப்பில் கேட்டால் கும்பிடுகிற யானை ஸ்டிக்கர் வருகிறது. 26,800 பாட்டுக்கு யானை ஸ்டிக்கர்.

சுற்றுலாப் போலீஸுக்கு, 1155, அழைக்கப்போகிறோம் என்று எழுதியதும்தான் நிஜமான பதில் வந்தது: 3,000 பாட் தருகிறோம், புகார் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போடவில்லை. 1155-இல் ஆங்கிலத்தில் பேசினார்கள், ரசீதின் படமும் கடையின் படமும் கேட்டார்கள், அனுப்பியிருக்கிறோம். ஊரில் இருக்கும் எங்கள் வங்கியோ, பின் நம்பரை நீங்களே போட்டிருக்கிறீர்களே மேடம் என்று ஒரு படிவத்தை மெயிலில் தள்ளிவிட்டது.

புதன் சாயங்காலம் சீலோமில் இருக்கும் மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. சாமந்தி மாலையோடு தாய்க்காரர்கள்தான் வரிசையில் நிறைய. அம்மனிடம் அந்த ஆளைப் பற்றி என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், ரயிலுக்கு நேரமாகிறது. தாய்லாந்து சுற்றுலா ஆணையம் டிக்கெட் விற்பதில்லை, அந்தப் பெயரில் யார் விற்றாலும் வெளியே வாருங்கள். ரயில் டிக்கெட்டை ரயில்வே தளத்திலோ கவுண்டரிலோ மட்டும் வாங்குங்கள். அரண்மனை மூடியிருக்கிறது என்று தெருவில் யார் சொன்னாலும் வாசல் வரை போய்ப் பாருங்கள். அடுத்தவன் அழுத்திக் கொடுக்கிற போனில் பேசாதீர்கள். பெரிய தொகையை அன்றே கட்டாதீர்கள்.

6:40 ரயிலுக்கு மேல் படுக்கை இரண்டு, நாங்களே வாங்கியது. கேட் முன்னால் வரிசை சேர ஆரம்பித்துவிட்டது, இவர் பையை மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறார். இப்போதுதான் கடையிலிருந்து வாட்ஸப் வந்தது: வேன் எட்டு மணிக்காம், டீசல் விலை ஏறிவிட்டதால் வரும்போது ஆளுக்கு 300 பாட் கொண்டு வர வேண்டுமாம்.