ரெடிமேட் காம்பவுண்டு சுவருக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு ஸ்லாபை உடைத்துப் பாருங்கள்

கோவில்பட்டிக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனையில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது கொல்லைப்புறத்துக்குச் சுவர் கிடையாது. பக்கத்து மனைகள் காலியாகக் கிடந்தவரை அது குறையாகத் தெரியவில்லை. பிறகு அவற்றின் வழியே ஒரு குறுக்குப்பாதை உண்டாகிவிட, அம்மா தொட்டியடியில் குளிப்பதும் வீட்டுப் பெண்கள் துணி துவைப்பதும் போகிறவர் வருகிறவர் பார்வையில் படலாயிற்று. வடக்கிலும் தெற்கிலும் 40 அடி, கிழக்கில் 60 அடி என மொத்தம் 140 அடி நீளத்துக்கு, ஆறடி உயரத்தில் மறைப்பு எழுப்ப முடிவு செய்தோம்.

செங்கல் சுவருக்குக் கொத்தனார் சொன்ன தொகை எங்கள் கையிருப்பைத் தாண்டியதால், முன்பே வார்த்த கான்கிரீட் போஸ்டுகளை (தூண்களை) நட்டு இடையில் ஸ்லாபுகளை (கான்கிரீட் பலகைகளை)ச் செருகும் ரெடிமேட் சுவரைத் தேர்ந்தெடுத்தோம். அந்தப் பொருளை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். ஒழுங்காக வார்த்து ஒழுங்காக நட்டால் அது பல ஆண்டுகள் நிற்கும். எங்களுக்கு அமைந்த ஒப்பந்தக்காரர் இரண்டையும் செய்யவில்லை. சதுர அடி 105 ரூபாய், நான்கு நாளில் வேலை முடியும், 60 சதவீதம் முன்பணம் என்று வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதி அனுப்பினார். அந்த நான்கு வரிகளில் கம்பியின் கனம், கலவையின் விகிதம், குழியின் ஆழம் ஆகிய எதுவுமே இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

2024 ஜூனில் லாரி வந்து இறக்கிய ஸ்லாபுகள் ஈரம் காயாமல் கருத்துக் கிடந்தன. என்றைக்கு வார்த்தது என்று ஒரு தொழிலாளியைக் கேட்டேன். "முந்தாநாள் போட்டது அண்ணாச்சி" என்று உள்ளதைச் சொன்னார். சாதாரண சிமென்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளாவது ஈரம் காக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரவிதியிலேயே உள்ளது. இப்போது பெரும்பாலும் விற்கும் கலப்புச் சிமென்ட்டுக்கு 10 நாள். அந்த லாரியை அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

எங்கள் ஊர் மண் கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதன் மேற்பகுதி ஆண்டு முழுவதும் அசைந்துகொண்டே இருப்பதால், மேலாகத் தோண்டிய குழியில் நட்ட எதுவும் நாளடைவில் சாய்ந்துவிடும். கொல்லையை ஓரடி மண் கொட்டி மேடாக்கியிருப்பதையும் ஒப்பந்தக்காரரிடம் சொல்லியிருந்தேன். "இரண்டடி இறக்கிடுறோம் அண்ணாச்சி, யானை வந்து முட்டினாலும் அசையாது" என்று உறுதி கூறினார். குழி தோண்டிய இரண்டு நாளும் நான் வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் திரும்பியபோது குழிகள் மூடப்பட்டிருந்தன.

கணக்குப் பார்க்கையில் அடுத்த அடி விழுந்தது. 140 அடிக்கு ஆறடி உயரம் என்றால் 840 சதுர அடி, அதாவது 88,200 ரூபாய். அவரோ மண்ணுக்குள் இருக்கும் இரண்டடியையும் சேர்த்து 1,120 சதுர அடிக்கு 1,17,600 ரூபாய் கேட்டார். தரைக்கு மேல் மட்டும்தான் அளவு என்று எங்கும் எழுதி வாங்காததால், வாக்குவாதத்துக்குப் பின் அதையும் கொடுத்தேன்.

ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்தது. இரண்டாம் நாள் இரவு கிழக்குச் சுவரில் ஏறக்குறைய 30 அடி நீளம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அடுத்த வீட்டுக்காரர் சுவரோரம் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி ஒன்று நசுங்கிச் செத்தது. பகலில் அதே இடத்தில் அவர் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவார்கள். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் சுற்றுச்சுவர் இடிந்து 17 பேர் இறந்த செய்தி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஆட்டுக்குட்டிக்கு உரிய தொகையைக் கொடுத்தேன். அந்த வீட்டாரின் முகத்தைப் பார்க்க இன்றும் கூச்சமாக இருக்கிறது.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பிடுங்கிக்கொண்டு கிடந்த போஸ்டை நாடா வைத்து அளந்தால் ஏழடிதான் இருந்தது. இரண்டடிக்குக் காசு வாங்கிக்கொண்டு ஓரடியே இறக்கியிருக்கிறார். குழிக்குள் கான்கிரீட் இல்லை. இரண்டு உடைந்த செங்கல், ஒரு கை ஜல்லி, மீதியெல்லாம் தோண்டிய அதே கரிசல் மண். உடைந்த ஸ்லாபின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன், சாம்பல் நிறத்தில் மாவாக உதிர்ந்தது; மணலுக்குப் பதில் கல் உடைக்கும் ஆலையின் கிரஷர் தூசியே மிகுதியாக இருந்தது. உள்ளே கட்டுக்கம்பியைவிடச் சற்றே தடித்த இரண்டு கம்பிகள் ஓடின. அவையும் ஸ்லாபின் ஓரம் வரை எட்டாமல் அரையடிக்கு முன்பே முடிந்திருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கான்கிரீட் அதைப் பற்றியிருக்கவே இல்லை, கையோடு வந்துவிட்டது.

ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் கேட்டபோது, மழைக்குத் தான் எப்படிப் பொறுப்பாக முடியும் என்றார். 2023 டிசம்பரில் எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி மாவட்டமே வெள்ளக்காடான நாட்களில்கூட எங்கள் தெருவின் பழைய செங்கல் சுவர்கள் நின்றன என்று சொன்னேன். அதன்பின் அவர் அழைப்பை எடுப்பதில்லை.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் ஒப்பந்தக்காரரின் வார்ப்புக் களத்துக்கு நேரில் போய், ஒரு ஸ்லாபுக்கு உரிய விலையைக் கொடுத்து, உங்கள் கண்முன்னே அதை உடைக்கச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். போஸ்டுக்கு நான்கு கம்பியும் அவற்றைச் சுற்றி ரிங்கும் வேண்டும். கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்பது கொட்டேஷனில் எழுத்தாக இருக்க வேண்டும். கலவை ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது. குழி தோண்டும் நாளில் விடுப்பு எடுத்தாவது பக்கத்தில் நில்லுங்கள், ஒவ்வொரு குழியையும் நாடாவோடு படம் எடுங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் ஆழத்தை முடிவு செய்ய ஒரு பொறியாளருக்குச் சிறு தொகை கொடுப்பது வீண்செலவு ஆகாது. உட்பக்கம் மண் மேடாக இருந்தால் மழைநீர் வெளியேறச் சுவரடியில் குழாய் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் சுவரில் அது ஒன்றுகூட இல்லை.

ஜி.எஸ்.டி. பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம் என்று அவர் சொன்னதை நம்பி, பில் வாங்காமல் விட்டதுதான் என்னுடைய பெரிய தவறு. கூகுள் பே ரசீதுகளும் வாட்ஸ்அப் செய்திகளும் படங்களும் மட்டுமே இப்போது சான்று. அவற்றோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

விழாமல் நின்ற பகுதிகளையும் ஆள் வைத்து இறக்கிவிட்டோம். கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் இப்போது தூண் எழுப்பி, அவற்றை இணைக்கும் பெல்ட் கான்கிரீட் போட்டு, ஹாலோ பிளாக் அடுக்குகிறார்கள். மற்ற இரு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டுப் பச்சை வலை கட்டியிருக்கிறோம். காற்றடித்தால் அது விலகிவிடும் என்பதால் அம்மா இன்னும் விடியுமுன்னே குளித்துவிடுகிறார்.