எனக்கும் மதுரைப் பையனுக்கும் ஒரே பாட்டி: எம்பிஏ கன்சல்டன்சில 2.4 லட்சம் விட்ட கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். கேஸ் போட்டிருக்கறதால கம்பெனி பேரப் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டாரு, அதனால பேரு கேட்டு யாரும் இன்பாக்ஸ் வராதீங்க ப்ளீஸ். நடந்தத மட்டும் சொல்றேன். வெளிநாட்டுல எம்பிஏ பண்ணணும்னு வீட்ல யாராச்சும் கிளம்பியிருந்தா படிக்கச் சொல்லுங்க.

நான் மெக்கானிக்கல், கோயம்புத்தூர்ல ஒரு பம்பு கம்பெனில குவாலிட்டில ஆறு வருஷமா இருக்கேன். 2024 ஜூன்ல ஃப்ரெண்டு ஒருத்தி சொன்னான்னு அந்த ஆபீஸுக்குப் போனேன், அப்பாவும் கூட வந்தாரு. ஏசி ரூம், பெரிய சோபா, செவுரு ஃபுல்லா பசங்க போட்டோ, ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழ வெளிநாட்டு யூனிவர்சிட்டி லோகோ. கவுன்சலர் தம்பி பேசின பேச்சு இருக்கே, தேன்ல முக்கி எடுத்த மாதிரி, அப்பாவையே "ஐயா நீங்க கவலையே படாதீங்க, பாப்பா எங்க பொறுப்பு"ன்னு மடக்கிட்டான். அஞ்சு பிசினஸ் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணிக் குடுக்கற பேக்கேஜ் 2,40,000. அட்மிட் வரலைன்னா பாதி பணம் ரீஃபண்ட், எழுத்துலயே தர்றோம்னான். அந்த வார்த்தைலதான் நாங்க விழுந்தோம். ஒன்றரை லட்சம் கேஷ், பில்லு போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும் மேடம் உங்களுக்குத்தான் நஷ்டம்னு சொல்லி பில் தரல, மிச்சம் 90,000 ஜிபே, அதுவும் கம்பெனி அக்கவுன்ட் இல்ல, யாரோ ஒருத்தரு பர்சனல் நம்பருக்கு. அம்மா சீட்டு எடுத்த காசு அது. அப்பவே சந்தேகம் வந்திருக்கணும், வரல.

மொதல்ல ஜிமேட் கிளாஸ், எம்பிஏ சேர எழுதற நுழைவுத் தேர்வு அது. கொடுத்த புக்குல பாதி சென்டென்ஸ் கரெக்ஷன். நானும் மூணு மாசம் ஷிப்ட் முடிச்சு வந்து ராத்திரி பதினொன்னு வரைக்கும் உக்காந்து அத மனப்பாடம் பண்ணேன். ஆனா பழைய ஜிமேட்ட 2024 ஜனவரி 31-ஓட நிறுத்திட்டாங்க, புதுசுல சென்டென்ஸ் கரெக்ஷனே கிடையாது, எஸ்ஸே எழுதற பார்ட்டும் கிடையாது. குவான்ட், வெர்பல், டேட்டா இன்சைட்ஸ்னு மூணே செக்ஷன், ஒவ்வொண்ணும் 45 நிமிஷம், ஸ்கோரு 205-ல இருந்து 805 வரைக்கும். இது அவங்களுக்குத் தெரியாம இல்ல, புது புக்கு அடிக்க காசு ஆகும் அவ்வளவுதான். ஆகஸ்ட்ல போய் உக்காந்தா டேட்டா இன்சைட்ஸ்ல வந்த டேபிளையும் கிராஃபையும் பாத்து கண்ணக் கட்டிருச்சு. 575.

உடனே அந்தத் தம்பி சொல்றான், மேடம் இன்னொரு 15,000 குடுத்தா நெஜ எக்ஸாம்ல வந்த கொஸ்டினே பிடிஎஃப்பா கெடைக்கும்னு. நல்லவேளை அத மட்டும் வாங்கல. 2008-லயே ஸ்கோர்டாப்னு ஒரு வெப்சைட் இதே வேலையப் பாத்துச்சு, ஜிமேட் நடத்தறவங்க கோர்ட்டுக்குப் போய் அந்த சைட்டையே மூட வெச்சு, அதுல சம்பந்தப்பட்ட 84 பேரு ஸ்கோர கேன்சல் பண்ணாங்க. அப்படி ஏதாச்சும் ஆனா நாம எங்க போய் நிக்கறது.

அடுத்தது எஸ்ஸே, அப்ளிகேஷனோட நம்மளப் பத்தி எழுதி அனுப்பறது. இங்கதான் எனக்கு இன்னும் வயிறு எரியுது. நான் எழுதிட்டுப் போனது எங்க ஷாப் ஃப்ளோர் கதை. வைண்டிங் செக்ஷன்ல பதினொரு அக்காங்க, எல்லாரும் ஸ்டேட்டர்ல, அதாவது மோட்டாரோட சுத்தாம நிக்கற பாகத்துல, காயில் சுத்தறவங்க. மழை சீசன் வந்தா, காயில்ல கரன்ட் கசியுதான்னு பாக்கற மெகர் டெஸ்ட்ல ஃபெயில் ஏறும், மேனேஜ்மென்ட்டு அவங்க கை சரியில்லன்னு திட்டும். நான் ரெண்டு மாசம் நோட்டு போட்டு எழுதிப் பாத்தேன், எந்த ஸ்டேட்டர் எப்ப சுத்துனது, எப்ப வார்னிஷுக்குப் போச்சுன்னு. சாயங்காலம் சுத்தி முடிச்சு ராத்திரி பூரா ஜன்னலோரம் கெடந்ததுதான் காலைல ஃபெயில் ஆகுது, ஈரத்த இழுத்துக்குது. வைக்கற எடத்த மாத்தி, வார்னிஷுக்கு முன்னாடி அவன் அடுப்புல கொஞ்சம் அதிக நேரம் காய வெச்சோம், ஃபெயில் பாதிக்கு மேல கொறஞ்சுது, அந்த அக்காங்க மேல இருந்த பழியும் போச்சு. அதுல ஒரு அக்கா அன்னிக்கு எனக்குன்னு வீட்ல இருந்து ஒப்புட்டு (போளி) செஞ்சு கொண்டாந்தாங்க.

தம்பி படிச்சுட்டு சொன்னது: "பம்பு மோட்டாரெல்லாம் யாரு மேடம் படிப்பாங்க, எமோஷன் வேணும்." ஒரு வாரத்துல அவங்களே ஒண்ணு எழுதி அனுப்புனாங்க. என் பாட்டி கிராமத்துல கரன்ட் இல்லாத குடிசைல மண் விளக்கு செஞ்சு வித்தாங்களாம், ஒரு புயல் ராத்திரில விளக்க கையால மூடிட்டு "வெளிச்சத்த பகிர்ந்தா கொறையாது"ன்னு சொன்னாங்களாம், அன்னைக்கே நான் லீடர் ஆகணும்னு முடிவு பண்ணேனாம். எங்க அப்பத்தா நாலு எருமை வெச்சு பால் ஊத்துனவங்க, வாய தொறந்தா பால் கணக்கும் மருமகள் கணக்கும்தான் வரும். படிச்சுக் காட்டுனேன், "நான் எப்பக் கண்ணு வெளக்கு வித்தேன்"னு கேட்டாங்க. இருந்தாலும் எக்ஸ்பர்ட் சொல்றாங்களேன்னு விட்டுட்டேன் பாருங்க, அது என் தப்புதான்.

டிசம்பர்ல அதே ஆபீஸ்ல பேக்கேஜ் எடுத்த மதுரைக்காரப் பையன் ஒருத்தன் வாட்ஸப் குரூப்ல பழக்கம். "அக்கா எஸ்ஸே எல்லாம் முடிஞ்சுதா"ன்னான், பேச்சுவாக்குல ஆளுக்கு மொத வரிய அனுப்பிக்கிட்டோம். ஒரே புயல். ஒரே விளக்கு. ஒரே பாட்டி. அவனுக்கு தாத்தான்னு கூட மாத்தல. சிரிக்கவும் முடியல அழவும் முடியல. இத விளையாட்டா எடுக்காதீங்க, நிறைய ஸ்கூல்ல எஸ்ஸேய சாஃப்ட்வேர்ல போட்டுத்தான் பாக்கறாங்க. 2012-லயே அமெரிக்கால யூசிஎல்ஏ ஆண்டர்சன் ஸ்கூல்ல திருட்டு எஸ்ஸேன்னு ஐம்பது அப்ளிகேஷனுக்கு மேல தூக்கிப் போட்டாங்க. காப்பி அடிச்சது கன்சல்டன்ட்டுன்னாலும் கையெழுத்து நம்மளது.

இன்னொன்னு இதவிட மோசம். அப்ளிகேஷன் லாகின் எல்லாத்தையும் அவங்களே அவங்க மெயில் ஐடில கிரியேட் பண்ணி வெச்சிருந்தாங்க, பாஸ்வேர்டு கேட்டா "நீங்க ஏதாச்சும் தப்பா அமுக்கிடுவீங்க மேடம்"பாங்க. ரெக்கமண்டேஷனுக்கு, அதாவது ஸ்கூல்ல இருந்து வர்ற லிங்க்ல எழுதிப் போடற சிபாரிசுக்கு, எங்க மேனேஜர் சார்கிட்ட செப்டம்பர்லயே சொல்லி வெச்சிருந்தேன். மனுஷன் பத்து நாளுக்கு ஒருக்கா "ஏம்மா, இன்னும் லிங்க் வரலையே, கடைசி நேரத்துல சொன்னா நான் என்னத்த எழுதறது"ன்னு கேட்டுட்டே இருந்தாரு. டிசம்பர் கடைசி வாரம் ஜூம்ல தம்பி ஸ்க்ரீன் ஷேர் பண்ணி ஏதோ காட்டறான், டக்குனு வேற டேப் போயிருச்சு, அதுல ரெக்கமண்டர்னு எங்க சார் பேரு, பக்கத்துல பச்சை டிக், சப்மிட்டட். மெயில் ஐடி எங்க கம்பெனி ஐடி இல்ல, சார் பேர்ல ஒரு ஜிமெயில். கை நடுங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். மேல பாத்தா என் சிஜிபிஏ பத்துக்கு 7.4-ங்கறத நாலுக்கு 3.7-னு மாத்திப் போட்டிருக்காங்க. நிறைய ஸ்கூல் மார்க்க மாத்தாம ட்ரான்ஸ்க்ரிப்ட்ல உள்ளபடியே போடுன்னு எழுதியே வெச்சிருக்கு. இன்னும் கீழ, ஒரு என்ஜிஓல மூணு வருஷம் வாலன்டியராம் நானு. அட்மிட் குடுத்த பெறகு ஏஜென்சி வெச்சு பேக்ரவுண்ட் செக் பண்ற ஸ்கூலு நிறைய இருக்கு, வேலை பாத்த கம்பெனிக்கும் சிபாரிசு எழுதுனவருக்கும் போன் அடிப்பாங்க, பொய்னு தெரிஞ்சா சீட்டு போச்சு, ஃபீஸு கட்டி லோன் எடுத்த பெறகு கூட.

"என்ன தம்பி இது"ன்னேன். "எல்லாருக்கும் இப்டித்தான் மேடம், உங்க மேனேஜர் இங்கிலீஷ் எப்டி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதுல்ல"ன்னு சாதாரணமா சொல்றான்.

என்னைக் கேக்காமலே ரெண்டு ஸ்கூலுக்கு சப்மிட்டும் பண்ணியிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரியே என் சொந்த ஐடில இருந்து ரெண்டு ஸ்கூல் அட்மிஷன் ஆபீஸுக்கும் மெயில் போட்டேன், நடந்தது இது, ரெக்கமண்டேஷன் எங்க சார் எழுதுனது இல்ல, அப்ளிகேஷன வாபஸ் வாங்கிக்கறேன்னு. சார்கிட்டயும் சொன்னேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "என் பேர்ல என்ன எழுதியிருந்தாங்க"ன்னு கேட்டாரு. எனக்கு அதுக்கு பதில் தெரியல. ஸ்கூல்ல இருந்து நாலு நாள்ல ரெண்டு வரில பதில் வந்துது, வித்ட்ரா பண்ணிட்டோம், அடுத்த வருஷம் அப்ளை பண்ணலாம்னு.

இப்ப ரீஃபண்ட் கதைக்கு வர்றேன், இதத்தான் முக்கியமா கவனிங்க. அஞ்சு ஸ்கூல்ல ஒண்ணு அவங்க சொல்ற "சேஃப் ஸ்கூல்"ஆ இருக்கணும்னு அக்ரிமென்ட்ல ஒரு வரி. யூகேல ஏதோ ஒரு யூனிவர்சிட்டி, நான் கேள்விப்பட்டதே இல்ல. நவம்பர்ல அப்ளை பண்ண ஒம்பதாவது நாள் ஆஃபர் வந்துருச்சு, ஜிமேட்டும் கேக்கல, இன்டர்வியூவும் இல்ல, அப்பா ஸ்வீட்டெல்லாம் வாங்கிட்டு வந்தாரு. ஜனவரில போய் பாதி பணத்தக் கேட்டா, "அட்மிட் வரலைன்னாதான் மேடம் ரீஃபண்ட், உங்களுக்குத்தான் வந்துருச்சே"ன்றான். அந்த ஒரு ஸ்கூல எதுக்கு சேத்தாங்கன்னு அப்பதான் மண்டைல ஏறுச்சு. அது போக யூகே, அயர்லாந்து, ஆஸ்திரேலியா பக்கம் நிறைய யூனிவர்சிட்டி ஆள் சேத்து விடற ஏஜென்ட்டுக்கு கமிஷன் குடுக்கும், அது ஒண்ணும் ரகசியம் இல்ல. ஹார்வர்டு, வார்ட்டன், இன்சியாட் மாதிரி பெரிய பிசினஸ் ஸ்கூலெல்லாம் அப்படி ஆள் புடிச்சு சீட்ட ரொப்ப வேண்டிய எடமா? நான் அந்த யூகே யூனிவர்சிட்டில சேந்தா கன்சல்டன்சிக்காரங்களுக்கு ரெண்டு பக்கமும் வரும்படி. என் கனவு ஸ்கூல்ல கெடைச்சா அஞ்சு பைசா கமிஷன் கெடையாது. அப்ப எந்தப் பக்கம் தள்ளுவாங்க, நீங்களே சொல்லுங்க.

இதுக்கு நடுவுல ஐஈஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் டெஸ்ட்டுக்கு கிளாஸுன்னு 12,000 தனியா. காலேஜ் முழுக்க இங்கிலீஷ் மீடியம்னா பல ஸ்கூல்ல அந்த டெஸ்ட்டே கேக்கறதில்ல. அது தனிக் கடுப்பு.

1915-க்கு போன் பண்ணேன், நுகர்வோர் ஹெல்ப்லைன், கம்ப்ளைன்ட் நம்பர் குடுத்தாங்க, கம்பெனிக்காரன் பதிலே போடல. அப்புறம் வக்கீல் வெச்சு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ். குடுத்த காசு அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கோர்ட் ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அக்ரிமென்ட்ல "பெங்களூர் கோர்ட்டுக்கு மட்டுமே அதிகாரம்"னு இருந்துச்சு, பயந்துட்டேன், 2019 சட்டத்துல நம்ம இருக்கற ஊர்லயே போடலாம்னு வக்கீல் சொன்னாரு. சிக்கல் என்னன்னா கேஷா குடுத்த ஒன்றரை லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்ல. ஜிபே 90,000, அப்புறம் "கேஷ் வந்துருச்சு மேடம் தேங்க்ஸ்"னு தம்பி போட்ட ஒரு வாய்ஸ் நோட், அத வெச்சுத்தான் ஓடுது. வாட்ஸப்ல டிஸப்பியரிங் மெசேஜ் ஆன் பண்ணச் சொல்லி ஒருத்தன் கேட்டா உஷாராயிருங்க, என்கிட்ட கேட்டாங்க, சோம்பேறித்தனத்துல பண்ணாம விட்டேன், அது காப்பாத்துச்சு.

2025-ல எல்லாத்தையும் முதல்ல இருந்து நானே பண்ணேன். ஜிமேட்டுக்கு அவங்க சைட்லயே ரெண்டு ஃபுல் மாக் ஃப்ரீ, அதுவும் அஃபிஷியல் புக்கும் மட்டும்தான், ஜூலைல 655, பழைய கணக்குல 700 தாண்டும். ஸ்கோரு பாத்துட்டுத்தான் எந்த ஸ்கூலுக்கு அனுப்பறதுன்னு நாம முடிவு பண்றோம், அனுப்பாத பழைய ஸ்கோரு அவங்களுக்குத் தெரியாது, அதனால 575-க்கு நான் அழுததெல்லாம் வேஸ்ட்டு. ஸ்கூல் சைட்லயே ஸ்டூடன்ட் அம்பாசடர்னு ஆளுங்க பேரு இருக்கும், மெயில் போட்டா பேசறாங்க, நான் ஏழு பேருக்குப் போட்டேன் நாலு பேரு கால்ல வந்தாங்க, ஒருத்தரு நம்ம திருச்சிக்காரரு, ஒரு மணி நேரம் பேசிட்டு ஒரு டீக்கு கூட காசு கேக்கல. அவரு சொன்னது: இந்தியால இருந்து இன்ஜினியர் கூட்டம் ஏராளமா அப்ளை பண்ணுது, எல்லாரும் டீம லீட் பண்ணேன் டீம லீட் பண்ணேன்னுதான் எழுதறாங்க, உன் மெகர் டெஸ்ட்ட எழுதும்மா, அத வேற யாரும் எழுத முடியாது. எழுதுனேன். சார் அவரு கைப்பட எழுதுனாரு. அவரு எங்கிட்ட சுட்டிக்காட்டுன குறை என்னன்னு ஒரு கேள்வி அந்த சிபாரிசுல வரும், "கோவம் வந்தா மீட்டிங்ல பேச மாட்டா, நோட்டுல எழுதுவா"ன்னு போட்டேன்னு அவரே சிரிச்சுட்டு சொன்னாரு. ஒரு ஸ்கூல் இன்டர்வியூ வரைக்கும் கூப்டாங்க, இப்ப வெயிட்லிஸ்ட். ஜனவரி ரவுண்டுல இன்னும் ரெண்டு போட்டிருக்கேன், பாப்போம்.

போன வாரம் ஒரு கால். "மேடம் எம்பிஏ பண்ற ஐடியா இருக்குங்களா, அட்மிட் கேரண்டி"ன்னு ஒரு பொண்ணு. கம்பெனி பேரு வேற, அட்ரஸ் கேட்டா அதே பில்டிங் அதே மாடி. நானும் புதுசு மாதிரியே பேசி அக்ரிமென்ட்ட அனுப்பும்மான்னேன், அஞ்சு நிமிஷத்துல பிடிஎஃப் வந்துருச்சு. சேஃப் ஸ்கூல் வரி அப்படியே இருக்கு, ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் உட்பட. வக்கீலுக்கு ஃபார்வேர்ட் பண்ணிட்டேன், அடுத்த வாய்தாவுக்கு அதையும் சேத்துத் தாக்கல் பண்றாராம்.