சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர்: தனியாகக் கேட்டு மயங்க வேண்டாம்

பைலா குழுவோ, கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழுவோ, பாட்டைப் பதிவு செய்து முடித்ததும் வரும் முறைப்பாடு ஒன்றுதான்: "மொனிட்டர்ல பேஸ் நல்லா இடிக்குது, போன்ல போட்டா ஆளையே காணல்ல."

பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பியை வெறுமனே தட்டினால் 41 ஹேர்ட்ஸ். போனிலோ ஓட்டோவின் பின்சீட்டிலோ உள்ள சின்ன ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்காது. ஆனால் அதே சுரத்தின் மேல்சுரங்கள் 82, 123, 164 என்று ஏறிக்கொண்டே போகும். அவை பலமாக இருந்தால், விடுபட்ட அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் என்ற இந்தச் சின்னப் பெட்டி, பேஸ் அம்ப்பின் கறகறப்பைக் கொண்டுவந்து அந்த மேல்சுரங்களைத்தான் தூக்கிவிடுகிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பேஸ் அம்ப்பை அலறவிட்டு மைக் வைக்க யார் விடப்போகிறார்கள்?

வாங்குவதானால் இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். முதல் பதிப்பில் ஒலியின் நடுப்பகுதியைக் கூட்டிக் குறைக்கும் மிட் திருகி இல்லை. சுத்தமான ஒலியோடு பெட்டியின் ஒலியைக் கலக்கும் பிளென்ட் திருகியை முழுதாகத் திருப்பினால் நடுப்பகுதி பள்ளமாகிவிடும். தனியாகக் கேட்கையில் அது வழவழவென்று சொகுசாக இருக்கும். இரண்டு கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்ததும் பேஸ் புதைந்துபோகும். புதிய பதிப்பில் மிட் திருகியும், அது 500இல் வேலை செய்யவேண்டுமா 1000 ஹேர்ட்ஸிலா என்று மாற்றும் பொத்தானும் உண்டு. 500இல் வைத்து, திருகியைக் கடிகார முள்ளின் 1 மணி நிலைக்குக் கொண்டுபோனால் பேஸ் மிக்ஸில் முகம் காட்டும். அடி ஒலிக்கான பேஸ் திருகிக்கும் 40, 80 ஹேர்ட்ஸ் என்று இரு நிலைகள் இருக்கின்றன. 80 போதும். 40ஐ ஏற்றினால் மீட்டர்தான் சிவக்கும், காதுக்குப் பெரிதாக ஒன்றும் வராது.

மற்றத் திருகிகளுக்குத் தொடக்கம் இப்படி: கறகறப்பைக் கூட்டும் டிரைவ் 10 மணி, மேல் ஒலியைத் தெளிவாக்கும் பிரெசென்ஸ் 11, பிளென்ட் 1. பிரெசென்ஸைக் கூட்டினால் விரல் கம்பியில் உரசும் சத்தமெல்லாம் மேலே வந்துவிடும். பழைய கம்பிக்கு உயிர் கொடுக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். கடற்காற்றில் கம்பி சீக்கிரம் மங்கும், அதைப் புதிதாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பேரலல் வெளியீடு. பேஸின் சுத்தமான ஒலி அதன் வழியே அப்படியே வெளியே வரும். அதை இன்டர்பேஸின் (ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டி) கிட்டார் உள்ளீட்டிலும், கறகறப்புச் சேர்ந்த ஒலி வரும் எக்ஸ்எல்ஆர் (மைக் கம்பி செருகும் வகை) வெளியீட்டை மைக் உள்ளீட்டிலும் கொடுத்து இரண்டு டிராக்காகப் பதியுங்கள். மைக் உள்ளீடு திணறினால் 20 டெசிபெல் குறைக்கும் பேட் பொத்தானை அழுத்தலாம். உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அளவில் நின்றால் நல்லது. கறகறப்பு கூடிப்போன டிராக்கைப் பிறகு சுத்தமாக்க முடியாது. சுத்தமானது கையில் இருந்தால் பயமில்லை. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழ்த் திசையை) திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் அடி ஒலி தடிப்பாக இருக்கிறதோ அதுவே சரி.

மிக்ஸில் 35 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 250 அருகே 3 டெசிபெல் குறைத்தால் மந்தம் விலகும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரெஸர் 4:1, அது அமுக்க எடுக்கும் நேரமான அட்டாக் 30 மில்லிசெக்கன். 5 டெசிபெல் அளவு அமுக்கினால் போதும். அட்டாக்கை இதைவிட வேகமாக்கினால் விரலடியே செத்துவிடும், பைலாவின் துள்ளலும் கூடவே போய்விடும்.

இரைச்சல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் பிரெட்டில் வரும் ஜி சுரம் 49. மின்சாரத்திலிருந்து வரும் அந்த ஹம் இரைச்சலை ஈக்யூவால் (குறித்த ஹேர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டப்போனால் அந்த ஜி சுரமும் வெட்டுப்படும். ஆகவே பதியும்போதே நிறுத்தவேண்டும். முதலில் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நிற்காவிட்டால் பெட்டியின் கிரவுண்ட் (தரையிணைப்பு) சுவிட்சை விடுவியுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது: மைக் கம்பி வழியே பெட்டிக்கு வரும் பேன்டம் மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் ஒரே சுவிட்ச்தான். விடுவித்த கணமே பேன்டமும் அறுந்து பெட்டி செத்துப்போகும். 9 வோல்ட் பெற்றரி ஒன்று உள்ளே இருக்கட்டும்.

இன்டர்பேஸில் உள்ளீடு ஒன்றுதான் என்றால் சுத்தமான ஒலியை மட்டும் பதிந்துகொண்டு, பிறகு இன்டர்பேஸின் வெளியீட்டிலிருந்து இந்தப் பெட்டிக்கு அனுப்பித் திரும்பப் பதியலாம். வெளியீட்டின் அளவை நன்றாகக் குறைத்துத்தான் அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் டிரைவ் பூச்சியத்தில் இருந்தாலும் கறகறக்கும். திரும்பி வரும் டிராக் சில மில்லிசெக்கன் பிந்தியிருக்கக்கூடும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, முதல் அடியோடு முதல் அடி பொருந்தும்வரை முன்னே இழுத்து வையுங்கள்.