நாய்க்கெண்டு விக்கிற தண்ணிப் போத்தில், கசூரினாவில பாவிச்சுப் பாத்த கதை

சித்திரை லீவுக்கு எங்கட நாய் பிறவுனியையும் கூட்டிக்கொண்டு காரைநகர்த் தீவில இருக்கிற கசூரினாக் கடற்கரைக்குப் போவம் எண்டு வீட்டில எல்லாரும் சொன்ன உடன எனக்கு முதல் வந்த யோசினை தண்ணிதான், ஏனெண்டால் ஏப்ரல் 5இல இருந்து 15 மட்டும் சூரியன் இலங்கைக்கு நேர மேலால போற நாள், எங்களுக்கே தலை வெடிக்கிற வெக்கை, வாயில்லாச் சீவன் என்ன செய்யும். அப்பதான் யாழ்ப்பாண ரவுணில ஒரு கடையில இந்தப் போத்திலைக் கண்டனான். 350 மில்லி, மேல குழிஞ்ச தட்டு ஒண்டு, பட்டனை அமத்திச் சரிச்சால் தண்ணி தட்டுக்கு வரும், குடிச்சு மிச்சம் இருந்தால் திருப்பி அமத்த போத்திலுக்குள்ளயே போயிடும். 1,850 ரூபா. கடைத் தம்பி "அக்கா, ஒரு சொட்டும் சிந்தாது" எண்டு சத்தியம் பண்ணாத குறை.

சிந்தும். அதை முதலே சொல்லிப்போடுறன்.

மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை தாண்டி ஓட்டோவில போகேக்க ஒரு பிரச்சினையும் இல்லை, உண்மையைச் சொன்னால் ஓட்டோவுக்குள்ள இது திறம். பொன்னாலைப் பாலத்தில காத்து முகத்தில அடிக்க பிறவுனி தலையை வெளியால நீட்டிக்கொண்டு நிண்டவள், நான் தட்டை நீட்ட நாலு நக்கு நக்கிப்போட்டு திரும்பவும் கடலைப் பாக்கத் துவங்கிட்டாள். ஓடுற ஓட்டோவில கோப்பையில ஊத்திக் குடுத்திருந்தால் என்ர மடி முழுக்க நனைஞ்சிருக்கும். லொக்கைப் போட மறந்து பையுக்குள்ள வச்சது என்ர பிழை, ஆனால் லொக் போட்ட பிறகும் மூடியடியால கசிஞ்சு துவாய் ஈரமாப் போனது என்ர பிழை இல்லை.

கடற்கரைக்கு வந்தாப் பிறகுதான் சோதினை. கசூரினாவில கடல் கனதூரம் முழங்கால் அளவுதான், நாய்க்கு அதைவிட வேற என்ன வேணும், ஓடுறாள், விழுறாள், அலையைக் கடிக்கிறாள், அந்தக் கடிக்கிறதில உப்புத் தண்ணியும் உள்ள போகுது. உப்புத் தண்ணி கூடப் போனால் சத்தியும் வயித்தாலையும்தான், அதால பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கூப்பிட்டு நல்ல தண்ணி குடுக்கவேணும். இஞ்சதான் 350 மில்லி காணாது எண்டு விளங்கினது. சும்மா வீட்டில கிடக்கிற நாய்க்கே ஒரு கிலோவுக்கு 50, 60 மில்லி ஒரு நாளைக்கு வேணும், எங்கட ஆள் 15 கிலோ, அப்ப 900 மில்லி, வெயிலுக்க ஓடினால் இன்னும் கூட. நாய்க்கு எங்களைப்போல உடம்பு முழுக்க வேர்க்காது, பாதத்தில மட்டும் கொஞ்சம், மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இளைச்சுத்தான் சூட்டை இறக்கவேணும், அதுக்குத் தண்ணி போய்க்கொண்டே இருக்கும். இரண்டு தரத்தில போத்தில் காலி.

அதைவிடப் பெரிய குறை மணல். வாயில ஒட்டின மணல் தட்டுக்கு வருது, தட்டில இருந்து பட்டனை அமத்தினால் எச்சிலும் மணலும் சேந்து உள்ள போகுது, போய் அந்த றப்பர் வளையத்துக்குள்ள நிண்டிட்டுது. பிறகு பட்டன் அரைவாசிக்கு மேல போகாது. சவுக்கு மரத்துக்குக் கீழ இருந்து நான் தலையூசியால மணலைக் கிண்டிக்கொண்டிருக்க, பக்கத்தில பாயை விரிச்சுப்போட்டு இருந்த ஒரு அம்மா "உதுக்குமே போத்தில் தண்ணி பிள்ளை, கலிகாலம்" எண்டு சொல்லிப்போட்டு, தாங்கள் இளநி வெட்டின சிரட்டை ஒண்டைத் தூக்கித் தந்தவ. வீட்டில இருந்து கொண்டுவந்த பெரிய போத்தில் தண்ணியை அதுக்குள்ள ஊத்தினனான். பிறவுனி மூக்கை உள்ள விட்டு சளக் சளக்கெண்டு அடிமட்டும் குடிச்சாள், 1,850 ரூபாத் தட்டில அப்பிடி ஒருநாளும் குடிக்கேல்லை.

தண்ணியை வீட்டில இருந்தே கொண்டுபோங்கோ, தீவுப்பக்கம் கன கிணறுகள் சவர். எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறதுதானே, இரண்டு கிழமையில தட்டு வெள்ளை பிடிச்சிட்டுது, தேசிக்காய்ப் பாதி போட்டு உரஞ்சினால் போகும், கழுவுறது சுகமாத்தான் இருக்கு.

வாங்கலாமோ எண்டு கேட்டால், பண்ணைப் பக்கம் பின்னேரம் நடக்கப் போறதுக்கும் ஓட்டோ பயணத்துக்கும் வாங்குங்கோ, 500 மில்லிக்குக் குறையாமல் பாத்து வாங்குங்கோ, கடையிலயே தண்ணி விட்டுத் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்கோ. கடற்கரைக்கு வேண்டாம். அதோட போத்தில் இருக்குத்தானே எண்டு பன்னிரண்டு மணிக்கு வெளிக்கிட வேண்டாம், தார் றோட்டில புறங்கையை வச்சு ஏழு செக்கன் பிடிக்க ஏலாட்டி நாயின்ர காலும் பிடிக்காது. நாங்கள் காலமை ஆறரைக்குப் போய் ஒன்பதரைக்கு வெளிக்கிட்டிட்டம். அந்தச் சிரட்டை இப்ப எங்கட வாசல்படியில கிடக்கு, போத்தில் குசினித் தட்டில.