கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு?

மட்டக்களப்பு காந்தி பூங்காவிலிருந்து கொஞ்சம் நடந்தால், ஒரு பாமசிக்கு மேல் மாடியில் இருக்கிற இரத்தப் பரிசோதனை லேப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போட மாட்டேன். குறையும் சொல்லப் போகிறேன், அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் சின்னவர்கள். வழக்கமாகப் போகிறவர்களுக்குப் படிக்கட்டைச் சொன்னாலே தெரிந்துவிடும்: 19 படி, செங்குத்து.

நான் களுவாஞ்சிகுடியில் வீட்டிலிருந்து தைக்கிறவள். 2019இல் கண்டியில் எனக்குக் கிட்னி மாற்றினார்கள். தந்தது என் தம்பி, வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறவன். அவன் அதைக் கிட்னி என்று சொல்லமாட்டான். ஒவ்வொரு ரிப்போர்ட் வரும்போதும் போன் எடுத்து, "அக்கா, என்ட ஆள் எப்பிடி இருக்கார்?" என்றுதான் கேட்பான்.

மூன்று மாதத்துக்கு ஒருக்கா கண்டிக் கிளினிக். செங்கலடி, மகா ஓயா, மகியங்கனை, பிறகு அந்தப் பதினெட்டு வளைவு என்று ஒரு நாள் முழுக்கப் பிரயாணம். ரிப்போர்ட் இல்லாமல் போனால் போன காசும் வந்த களைப்பும்தான் மிச்சம். ஆகவே இரத்தத்தை இங்கே கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டோடு போகிறேன். பார்க்கிறது பல, முக்கியம் இரண்டு: கிரியேட்டினின் (கிட்னி வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவு, கிட்னி வேலை குறைந்தால் இரத்தத்தில் கூடும்), டக்ரோலிமஸ் அளவு.

டக்ரோலிமஸ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியாளின் உறுப்பை உடம்பு எதிரியாகப் பார்த்து அடிக்கும். அந்த அடியை அடக்கி வைக்கிற குளிசை இது. 1984இல் ஜப்பானில் சுக்குபா என்ற இடத்து மண்ணில் கிடந்த ஒரு பக்டீரியாவிலிருந்து கண்டுபிடித்தார்கள், பெயரின் முன்னெழுத்தே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். இதோடு சீவிக்கிறதில் உள்ள கரைச்சல் என்னவென்றால், அளவு குறைந்தால் உடம்பு கிட்னியை அடிக்கும், கூடினால் குளிசையே அடிக்கும். கிட்னிக்குள் இரத்தம் கொண்டு போகிற சின்னக் குழாய்களை அது இறுக்கிவிடுகிறது. எனக்கு டாக்டர் வைத்திருக்கிற எல்லை 5க்கும் 8க்கும் இடையில், ஒரு மில்லிலீற்றருக்கு இத்தனை நனோகிராம் என்ற கணக்கு.

கூடிப்போனால் லேபுக்கு முதலே எனக்கு என் கை சொல்லும். நூல் நுனியை நாக்கில் நனைத்து, முறுக்கி, ஊசிக் காதுக்குக் கிட்டக் கொண்டு போகையில் நுனி நடுங்கும். கண் பிழை என்று கண்ணாடியைத் துடைப்பேன். திரும்பவும் நடுங்கும். மூன்று தரம் தவறினால் மகளிடம் நீட்டுவேன். அவள் கோத்துத் தந்துவிட்டு ஊசியைப் பார்க்கமாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். அவள் தாதிப் பயிற்சிக்குப் படிக்கிறாள், இதில் நான் எழுதுகிற பாதி அவள் வாசித்துச் சொன்னது.

இந்த அளவை எடுக்க ஒரு நேரம் இருக்கு. இரவுக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழிய, காலைக் குளிசை போட முதல். அப்போதுதான் இரத்தத்தில் மருந்து ஆகக் குறைவாக நிற்கும், டாக்டர்மார் பார்க்கிற 5, 8 எல்லாம் அந்த அடிமட்டத்தைத்தான். குளிசை போட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் எடுத்தால் உச்சத்துக்கு ஏறி நிற்கும். கலியாண வீட்டுச் சாப்பாட்டை மூக்கு முட்டத் திண்டுவிட்டு நேரே என்னிடம் வருகிறவளுக்கு இடுப்பளவு எடுக்கிற மாதிரி. நாடாவில் பிழை இல்லை, ஆனால் அந்த அளவுக்குப் பாவாடை வெட்டினால் அடுத்த நாள் நழுவி விழும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். அதுவரைக்கும் இரத்தமெல்லாம் கண்டியிலேயே நேரம் பார்த்து எடுத்தார்கள், நான் கையை நீட்டுவதோடு சரி. 2022இல் எண்ணெய் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம், முதல் நாளே போய்த் தங்க ஏலாது, ரிப்போர்ட்டை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். டவுனுக்கும் பஸ் நிச்சயமில்லை. கிட்ட இருந்த வேறொரு இடத்தில் காலை பத்து மணிக்குக் கொடுத்தேன். பொடியன் நோகாமல் குத்தினான், பில் தந்தான், ஒன்றும் கேட்கவில்லை. ஏழு மணிக்கே குளிசையைப் போட்டுவிட்டேன் என்று நானும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் 14.6.

கண்டியில் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் குளிசையைக் குறைத்து எழுதப் பேனையை எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற நேர்ஸ்தான் என்னைப் பார்த்து, "பெஹெத் பிவ்வத?" என்று கேட்டா. மருந்து குடித்துவிட்டா இரத்தம் கொடுத்தாய் என்று. ஓம் என்று தலையாட்டினேன். பேனை கீழே போனது. அன்றிரவு அங்கே ஒரு தெரிந்த வீட்டில் கிடந்து, காலையில் குளிசை போடாமல் திரும்பக் கொடுத்தால் 6.2. அந்த நேர்ஸ் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் குறைந்த மருந்தோடு மூன்று மாதம் வீட்டில் இருந்து மெஷின் மிதித்திருப்பேன். தம்பியின் ஆள் என்ன பாடுபட்டிருப்பாரோ.

இனி இந்த மாடி லேப். முதல் நாள் துண்டை நீட்டினேன். காசு எவ்வளவு என்று சொல்ல முதலே கவுண்டர்ப் பிள்ளை கேட்டாள்:

"அன்ரி, கடைசிக் குளிசை எத்தின மணிக்குப் போட்டீங்க?"

"ராவு ஏழு மணிக்கு மகள்."

"அப்ப இன்னும் காமணித்தியாலம் கிடக்கு. இருங்க. காலக் குளிசையப் போட்டிராதீங்க, என்ன?"

சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஏழுக்கு எடுத்தாள். குப்பியில் ஒட்டுகிற லேபிளில் என் பெயருக்குக் கீழே கடைசிக் குளிசை நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதினாள். களுவாஞ்சிகுடியிலிருந்து இருட்டோடு பஸ் ஏறி, காத்தான்குடி தாண்டி, கல்லடிப் பாலத்தில் விடிகிறதைப் பார்த்துக்கொண்டு நான் வருவது அந்த லேபிளுக்காகத்தான். டக்ரோலிமஸுக்கு ஊதா மூடிக் குப்பி. மருந்து பெரும்பாலும் சிவப்பணுவுக்குள் போய் ஒளித்துக் கிடக்கும், அதனால் உறையாத முழு இரத்தம் வேண்டுமாம். கிரியேட்டினினுக்கு வேறு குப்பி. இரண்டையும் முகத்துக்கு நேரே பிடித்து, பெயரை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தட்டில் வைப்பாள்.

இன்னொரு நாள் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஜம்போலாவைக் கண்டுவிட்டு, "இது ஆருக்கு?" என்றாள். எனக்குத்தான், சொந்தக்காரர் தந்தது. கிரேப்ஃப்ரூட்டும் அதன் சொந்தமான ஜம்போலாவும் குடலில் இந்த மருந்தை உடைக்கிற நொதியை மடக்கிப்போடும், மருந்து இரத்தத்தில் ஏறிவிடும், டாக்டரைக் கேட்காமல் தின்னாதீங்க என்றாள். கண்டியில் கேட்டேன், அதே பதில். பழம் தம்பி வீட்டுக்குப் போனது.

இப்போது குறைகள். விலை கூட. ஒரு தரம் டக்ரோலிமஸ் பார்க்க, லைனிங் வைத்த சாரி பிளவுஸ் ஆறு தைத்த கூலி போகும். இரத்தம் கொழும்புக்குப் போய் வருவதால் ரிப்போர்ட் சுணங்கும். அதில் அச்சடித்திருக்கிற 'சாதாரண அளவு' 5 முதல் 20 வரை. எனக்கு 14 வந்தாலும் அந்தத் தாளுக்கு அது சாதாரணம்தான். ஒவ்வொருவருக்கும் டாக்டர் வைத்த எல்லை வேறு, அதைக் கீழே ஒரு வரியில் போட்டால் என்ன? இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், தாள் கொழும்பில் அடிக்கிறதாம்.

போன வருஷம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், வலப்பக்கம் வெட்டுப்பட்டு. கிரியேட்டினின் 97. எனக்கு எப்போதும் 1.1. கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் போய் இருந்துவிட்டேன். மகள் வந்து பார்த்துவிட்டு, மில்லிகிராமுக்குப் பதிலாக மைக்ரோமோல் கணக்கில் போட்டிருக்கிறார்கள், 1.1ஐ 88.4ஆல் பெருக்கிப் பாருங்கோ என்றாள். 97தான். அங்குலத்தில் எடுத்ததைச் சென்ரிமீற்றரில் எழுதிய கதை, அதுவும் ஒரு தையல்காரிக்கு! அலகு தெரியாமல் எண்ணை மட்டும் அனுப்புகிற பழக்கத்தை அவர்கள் விடவேண்டும்.

கிரியேட்டினின் நல்லாயிருக்கு என்று நிம்மதியாக இருந்துவிடவும் ஏலாது. கிட்னி காயப்பட்டு, வேலை நன்றாகக் குறைந்த பிறகுதான் அந்த எண் மேலே கிளம்பும். வார்ட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு மூளைச்சாவடைந்த ஒருவரின் கிட்னி, ஐஸில் வைத்துக் கொண்டு வந்தது. பொருத்தியும் பல நாள் சலம் வரவில்லை, டயாலிசிஸ் தொடர்ந்தது. கிட்னி நித்திரையாம். இரத்தம் நின்று கிடந்த உறுப்புக்குள் திரும்ப இரத்தம் பாயும்போது அந்தப் பாய்ச்சலாலேயே காயம் வரும் என்று டாக்டர் விளங்கப்படுத்தினார். தம்பி கட்டிலில் கிடந்தபடி, "வெடிச்ச வயலுக்கு ஒரேயடியா வாய்க்காலத் திறந்தா வரம்பு உடையுந்தானே" என்றான். ஐரோப்பாவில் இதை வைத்து ஒரு ஆய்வு 2009இல் வந்ததாம்: இறந்துபோன 336 பேரிடமிருந்து எடுத்த இரண்டு கிட்னியில் ஒன்றை ஐஸிலும் மற்றதைக் குளிர்ந்த திரவம் ஓட்டுகிற மெஷினிலும் வைத்திருக்கிறார்கள். ஐஸில் இருந்ததில் 89 நித்திரை கொண்டது, மெஷினில் இருந்ததில் 70. அந்த அக்காவின் கிட்னி பிறகு விழித்துக்கொண்டது, இப்போதும் தீபாவளிக்குப் போன் எடுப்பா.

இன்னொரு சோதனை பற்றியும் மகள் வாசித்தாள். பொருத்திய கிட்னியின் கலங்கள் சாகும்போது, தந்தவரின் டிஎன்ஏ துண்டு துண்டாக வாங்கியவரின் இரத்தத்தில் கலக்கும். அது எத்தனை வீதம் என்று அளந்தால் கிரியேட்டினின் ஏற முதலே காயத்தைப் பிடிக்கலாமாம். இந்த லேபின் விலைப்பட்டியலில் அது இல்லை. கேட்டதற்குப் பிள்ளை சிரித்தாள். தம்பிக்குச் சொன்னேன், "உன்ட சாதி டிஎன்ஏ என்ட ரத்தத்துக்குள்ள ஓடுதாம்டா." "அது நீ பிறந்த நாள்ல இருந்து ஓடுதுதானே அக்கா" என்றான்.

போகிறவர்களுக்கு: காலை ஆறரைக்குத் திறப்பார்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் ரிப்போர்ட் செவ்வாய்தான், ஆகவே வாரத் தொடக்கத்தில் போங்கள். காலைக் குளிசையைக் கையோடு கொண்டு போங்கள், இரத்தம் எடுத்த உடனே போடலாம், தண்ணீர் கீழே பாமசியில் இருக்கு. படியில் வலப்பக்கக் கைபிடி ஏழாம் படிக்கிட்ட ஆடுகிறது, மூன்று தரம் சொல்லிவிட்டேன். இடப்பக்கச் சுவரைப் பிடித்து ஏறுங்கள்.