எச்சரிக்கை: பாண்டி–கடலூர் பஸ்ஸில் டிக்கெட்டைக் கண்டக்டரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள்

பாண்டிச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் 22 கிலோமீட்டர்தான், ஆனால் நேர் ரயில் கிடையாது. ஜிப்மருக்குப் போகிறவர், காலேஜ் பிள்ளைகள், கம்பெனி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் பஸ்தான் கதி. இந்தத் தடத்தில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் பத்து, இருபது, ஐம்பது என்றுதான் ஏமாறுகிறார்கள். அந்தத் தொகைக்கு யாரும் புகார் எழுதுவதில்லை. அதை நம்பித்தான் இந்த வேலையே நடக்கிறது.

அதிகம் நடப்பது சில்லறை விஷயம். நூறு ரூபாய் நீட்டுகிறீர்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து, அதன் முதுகில் மீதித் தொகையைப் பேனாவால் கிறுக்கி, "இறங்குறப்போ வாங்கிக்குங்க" என்கிறார். இதுவரை தப்பில்லை, சில்லறைத் தட்டுப்பாடு நிஜம். அரியாங்குப்பம் தாண்டிக் கூட்டம் ஏறியதும் அவர் பின்படிக்குப் போய்விடுகிறார். உங்கள் ஸ்டாப் வரும்போது விசில் சத்தம், "எறங்கு, எறங்கு, பின்னாடி வண்டி வருது" என்ற அவசரம். மீதி கேட்டால், "டிக்கெட்டக் காட்டுங்க" என்று கையில் வாங்குவார். வாங்கிய டிக்கெட் திரும்பி வராது. "பாக்கி குடுத்துட்டேனேம்மா" என்றால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. எல்லாக் கண்டக்டரும் இப்படி என்று சொல்லவில்லை. மறந்து போன மீதியைக் கூப்பிட்டுக் கொடுக்கிறவர்களும் இதே தடத்தில் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இது. மீதியை எழுதிக் கொடுத்த உடனே டிக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு இரண்டு ஸ்டாப் முன்பே எழுந்து கேளுங்கள். கிருமாம்பாக்கத்தில் இறங்குகிறவர் தவளக்குப்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். டிக்கெட்டை உங்கள் விரலில் பிடித்தபடி காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

டிக்கெட்டே தராமல் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது இதைவிட மோசம். "அஞ்சு நிமிஷத்துல எறங்கப் போறீங்க, எதுக்கு டிக்கெட்டு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். விபத்து நடந்தால் அந்த பஸ்ஸில் நீங்கள் இருந்ததற்குச் சுலபமான ஆதாரம் அந்தத் துண்டுச்சீட்டுதான். அது இல்லாவிட்டாலும் நஷ்ட ஈடு கேட்கலாம். ஆனால் சாட்சி தேடி அலைய வேண்டும். மெஷின் டிக்கெட் என்றால் சில வாரங்களில் எழுத்து மங்கிவிடும், அதற்கும் போட்டோதான் வழி. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் பஸ் நம்பரைச் சொல்லி எழுத வையுங்கள். "பஸ்ஸில் அடிபட்டவர்" என்று மட்டும் எழுதிவிட்டால் பின்னால் இன்சூரன்ஸ் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். நஷ்ட ஈட்டு மனுவுக்கு 6 மாதம் என்ற வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. காயம் ஆறட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டில் இன்னொரு வித்தை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், டிரைவர் ஹாரன் அடித்தபடி வண்டியை ஒரு முழம் முன்னே நகர்த்துவார், பிரேக் போடுவார், மறுபடி ஒரு முழம். வாசலில் ஒருவர், "கடலூர், கடலூர், கெளம்பிருச்சு" என்று கத்துவார். ஓடி ஏறி உட்கார்ந்தால் அடுத்த கால் மணி நேரத்துக்கு அதே ஒரு முழம்தான். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பெர்மிட்டில் கிளம்பும் நேரம் எழுதியிருக்கிறது, அதற்கு முன்னால் அவரால் கிளம்ப முடியாது. ஓடுகிற வண்டியில் ஏற வைப்பதற்காகவே இந்த ஆட்டம். ஓடாதீர்கள். உள்ளே எத்தனை சீட் காலி என்று பாருங்கள், பாதி காலி என்றால் அது இப்போதைக்குப் போகாது.

"தவளக்குப்பம் நிக்குமா?" என்று கேட்டால் "நிக்கும், ஏறு" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு, பிறகு "இது பாய்ண்ட் டு பாய்ண்ட்" என்று முழுக் கட்டணம் கேட்பதும் உண்டு. வாசலில் கத்துகிறவர் பல நேரம் அந்த பஸ்ஸின் ஆளே இல்லை, ஆள் ஏற்றிவிடுவதற்குக் காசு வாங்குகிறவர். கேள்வியை டிக்கெட் பை மாட்டியவரிடம் கேளுங்கள்.

டைமிங் தகராறுதான் இந்தத் தடத்தின் வேகத்துக்குக் காரணம். முன்னால் போகிற பஸ் ஸ்டாப்பில் இருக்கும் ஆளையெல்லாம் அள்ளிக்கொண்டால் பின்னால் வருகிறவருக்கு வசூல் இல்லை. வசூலைப் பொறுத்து பேட்டா என்றால் அவர் முந்தப் பார்ப்பார், நிறுத்தத்தில் முழுசாக நிற்கவும் மாட்டார். 2023 ஜூனில் பண்ருட்டி ரோட்டில் மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதியதை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். நேர்மோதலில் அதிகம் நசுங்குவது முன்வரிசை. கிடைத்தால் நடுவில், இரண்டு அச்சுக்கும் இடையில் உட்காருங்கள்.

இறங்கும்போது கவனிக்க வேண்டியது முன்படி. அதற்குப் பின்னால்தான் பின்சக்கரம் வருகிறது. வண்டி உருளும்போது கால் வைத்தால் கால் தரையில் நிற்கும், உடம்பு பஸ்ஸின் வேகத்திலேயே போகும். அதனால்தான் மனிதர் சுழன்று சக்கரத்துப் பக்கம் விழுகிறார். டிரைவரைப் பார்த்த திசையில் முகம் வைத்து, வலது கையில் கம்பியைப் பிடித்து, பஸ் முழுசாக நின்ற பிறகே இறங்குங்கள். கண்டக்டர் கத்தினால் கத்தட்டும். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் படிக்கம்பியில் சிக்கும், முன்பே சுற்றிச் செருகிக்கொள்ளுங்கள்.

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாணக் கூட்டம், நகை, மொய்ப்பணம் எல்லாம் ஒரே பஸ்ஸில். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் பஸ்ஸிலும் இதே கதை. திருட்டு நடப்பது ஓடும் பஸ்ஸில் என்பதைவிட ஏறும் அந்த அரை நிமிடத்தில்தான். முன்னால் ஏறுகிறவர் படியில் நின்று எதையோ தேடுவார், பின்னால் இருப்பவர் நெருக்குவார், நடுவில் நீங்கள். "அம்மா, காசு கீழ விழுந்துருச்சு பாருங்க" என்று குரல் வரும், குனிந்தால் முடிந்தது. சில்லறை விழுந்தாலும் குனியாதீர்கள், முதலில் பை ஜிப்பில் கை வையுங்கள். தோள்பையை வயிற்றுக்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். சங்கிலியை மண்டபத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டால் போதும்.

பாண்டியிலிருந்து கடலூர் வருகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. பக்கத்தில் நிற்கிறவர், "யக்கா, இந்தப் பைய உங்க காலடியில வச்சுக்குறேன், நான் பின்னாடி நிக்கிறேன்" என்பார். உள்ளே பாண்டிச் சரக்கு. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் போலீஸ் ஏறி "இது யார் பை?" என்றால் பின்னால் நிற்கிறவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். பை யார் காலடியில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வைக்கும்போதே மறுத்துவிடுங்கள். கவனிக்காமல் வைத்துவிட்டால் முள்ளோடை வருவதற்குள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரவு சென்னை, பெங்களூரு போகிறவர்கள் ஸ்டாண்டுக்கு வெளியே நிற்கும் தரகரிடம் டிக்கெட் வாங்காதீர்கள். ஏசி ஸ்லீப்பர் என்று காசு வாங்கி, சீட் நம்பரும் வண்டி நம்பரும் இல்லாத கைச்சீட்டு தருவார். வருகிற வண்டியில் கடைசி வரிசை, ஏசியும் இருக்காது. கேட்டால் டிரைவர், "அந்த ஆள எங்களுக்குத் தெரியாது" என்பார். காசு கொடுக்கும் முன் வண்டி நம்பரைக் கேளுங்கள், அதைச் சொல்ல முடியாதவரிடம் சீட்டும் இல்லை. ஏறியதும் அவசரவழி எங்கே, அதன் முன்னால் மூட்டை அடுக்கியிருக்கிறார்களா, சுத்தியல் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் 24 அதிகாலை கர்னூல் அருகே ஸ்லீப்பர் பஸ் எரிந்தபோது வெளியே வர முடியாமல் பலர் இறந்தார்கள். பக்கக் கண்ணாடியை நடுவில் அடித்தால் சட்டென்று உடையாது, மூலையில் அடிக்க வேண்டும்.

பஸ் வரவில்லை, பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்றால் கூகுளில் "கஸ்டமர் கேர்" நம்பர் தேடாதீர்கள். முதலில் வருவது மோசடி நம்பராக இருக்கலாம். பணம் நம் கணக்குக்கு வர யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டாலோ, ஒரு ஆப்பை இறக்கச் சொன்னாலோ போனை வையுங்கள். பணம் போய்விட்டால் அடுத்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள்.

புகாரில் பலர் சறுக்குவது எல்லைப் பிரச்சினையில். நம்பர் பலகையைப் பாருங்கள். டிஎன் 31 என்றால் கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், பிஒய் 01 என்றால் புதுச்சேரி போக்குவரத்துத் துறை. வண்டி நம்பர், தேதி, நேரம், ஏறிய இடம், டிக்கெட் போட்டோ ஆகிய ஐந்தும் இருந்தால் மனு அரைப் பக்கம் போதும்.

நகை, பணம் திருடு போனால் கடலூர் ஸ்டேஷனில் "அரியாங்குப்பத்துல போனதுன்னா பாண்டியில போய்க் குடுங்க" என்பார்கள். போக வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், அவர்கள் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். "ஜீரோ எஃப்ஐஆர்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், ஜெராக்ஸ் செலவு என்று கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.