உதவிக்கு யாரை அழைப்பது: நால்வகை ஆட்கள், ஓர் அடுப்படி

கள்ளந்திரிக்குச் சற்றுத் தள்ளி, அழகர்மலை கண்ணில் படும் தூரத்தில் எங்களுக்கு இரண்டேகால் ஏக்கர். செம்மண், ஒரு கிணறு. பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் எங்கள் மேட்டுக்கு ஏறாது. மா, முருங்கை, வாழை, வாழைக்கு அடியில் மஞ்சள், வேலியோரம் அகத்தி என்று அடுக்கடுக்காக வைத்து ஆறு வருடம் ஆகிறது. இதற்குப் பெர்மாகல்ச்சர் என்று 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரனும் பெயர் வைத்தார்கள். பெயர் எதுவாக இருந்தால் என்ன, இப்படிப்பட்ட தோட்டத்துக்குள் டிராக்டர் ஓடாது. எல்லாம் கைவேலை. எங்கள் வீட்டில் கைகள் நான்குதான். அவற்றில் இரண்டு, வாரத்தில் ஐந்து நாள் மதுரையில் ஓர் அலுவலக மேசைமேல் இருக்கின்றன.

ஆகவே ஆள் தேடினோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் நகரத்துக் குழுக்கள், கல்லூரி மாணவர்கள், தங்கி உதவும் தன்னார்வலர்கள், உள்ளூர்க் கூலி ஆட்கள் என்று நான்கு வகையும் பார்த்தாகிவிட்டது. இவர்களில் யார் மலிவு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் பார்க்கும் கணக்கு வேறு. ஒருவர் என் தோட்டத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்ய, என் நேரம் எவ்வளவு கரைகிறது?

ஞாயிற்றுக் குழுவுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் தலை சுற்றும். பன்னிரண்டு பேர் ஒன்பது மணிக்கு வருவார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும். தேநீர், தோட்டம் சுற்றிக் காட்டுதல், படம் எடுத்தல் எல்லாம் முடிந்து மண்ணில் கை வைக்கப் பத்தரை ஆகும். பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு மணம் வந்துவிடும். அந்தச் சாப்பாட்டுக்காக நான் நாலரைக்கு எழுந்திருப்பேன். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒரு ஞாயிறு நடந்ததை மறக்க முடியவில்லை. மண் வளத்துக்காக மூன்று சென்ட்டில் தக்கைப்பூண்டு விதைத்திருந்தேன், முழங்கால் உயரம் வந்திருந்தது. அதற்குள் முளைத்த கோரையை எடுக்கச் சொல்லிவிட்டு, சாம்பாரைப் பார்க்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் தக்கைப்பூண்டு முழுவதும் வரப்பில் குவிந்து கிடக்கிறது, வேரில் கடுகளவு முண்டுகளோடு. மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பதே அந்த முண்டுகள்தான். கோரை மட்டும் பளபளவென்று நிற்கிறது. “இது நெல் மாதிரி இருந்ததக்கா, அதனால் விட்டுவிட்டோம்” என்றார் ஒரு தம்பி.

எங்களிடம் வேலைக்கு வரும் பெரியம்மா அதே கோரையை எடுப்பதைப் பார்க்க வேண்டும். இலையைத் தொடவே மாட்டார். களைக்கொத்தியின் முனையைச் சாய்த்து இறக்கி, ஒரு நெம்பு நெம்புவார். கருப்பு மணி கோத்தாற்போல் இரண்டு மூன்று கிழங்கு ஒரே நூலில் வெளியே வரும். அதை வரப்பில் போடாமல் சட்டியில் போட்டுப் பாறைமேல் காயவைப்பார். வரப்பில் போட்டால் அடுத்த மழைக்கு அங்கே முளைக்கும். இலையைப் பிடுங்குவது கோரைக்கு முடிவெட்டிவிட்டதற்குச் சமம். கிழங்கு உள்ளே இருந்தால் திரும்பத் தழைக்கப் பத்து நாள் போதும்.

பெரியம்மாவுக்காக என் நேரம் ஒரு நிமிடம்கூடப் போவதில்லை. தூக்குச்சட்டியில் தன் சாப்பாட்டைத் தானே கொண்டுவந்துவிடுகிறார். எங்கள் பக்கம் பெண்களுக்கு 400 ரூபாய், ஆண்களுக்கு 800 என்பது ஊர் வழக்கம். நாங்கள் பெண்களுக்கு 500 கொடுக்க ஆரம்பித்தபோது பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூலி ஆட்களிடம் உள்ள சிக்கல் பணமல்ல. கால்வாயில் தண்ணீர் திறந்தால் எல்லாரும் நடவுக்குப் போய்விடுவார்கள். சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்பட்டால் ஊரே அவர் பின்னால் போய்விடும். தை முதல் மூன்று நாளும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று கழியும். அப்புறம் இன்னொன்று: மூடாக்கு, அதாவது மண்ணைச் சருகால் மூடிவைப்பது, பெரியம்மாவுக்கு ஆகாது. “காடு குப்பையாகக் கிடக்கிறதே தாயி” என்று, ஒரு மாதம் சேர்த்த சருகை ஒரே மாலையில் கூட்டித் தீ வைத்துவிட்டார்.

கல்லூரிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மதுரை வேளாண் கல்லூரியின் இறுதியாண்டு மாணவ மாணவியர் கிராமத் தங்கல் திட்டத்தில் ஊர்களுக்கு வருவார்கள். அது அவர்கள் கற்பதற்கும் விவசாயிக்குச் செய்துகாட்டுவதற்குமான திட்டம். களை எடுக்கக் கூப்பிடக் கூடாது. நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை, ஏழு நாள் சிறப்பு முகாம் எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கைகள் ஊருணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரியவை, என் வாழைக்கு அல்ல.

தங்கி உதவுபவர்கள்தான் உண்மையான போட்டி. இவர்களைப் பண்ணைகளோடு இணைக்கும் வூஃப் என்ற அமைப்பு இங்கிலாந்தில் 1971இல் சூ கொப்பார்ட் என்ற பெண்மணி தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அதுவும் முதலில் வார இறுதி வேலைக்காக வந்ததுதான். இன்று இயற்கைப் பண்ணைகளுக்கு மட்டும் ஆள் சேர்க்கிறது. நாளுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேர உதவி, பதிலுக்கு உணவும் இடமும், பணம் கிடையாது. இதே போன்ற வொர்க்அவே என்ற இணையதளம் 2002இல் வந்தது. பண்ணை, விடுதி, வீடு எதுவானாலும் அங்கே இடமுண்டு. வழக்கமாக நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரம் ஐந்து நாள். வூஃப் வழி வருபவர் மண்ணுக்காக வருகிறார். வொர்க்அவே வழி வருபவர்களில் சிலர் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் தங்க இடம் கிடைத்தது என்று வருகிறார்கள். கோயில் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று முன்பே எழுதிவிடுவது நல்லது.

வெளிநாட்டவர் என்றால் காகித வேலை உண்டு. வீட்டில் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்குவதை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். இ-சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணிக்கு இடமுண்டு, ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் கூடாது. பணமோ வேறு எந்தக் கைம்மாறோ இருக்கக் கூடாது. அப்படியானால் நான் போடும் சோறு கைம்மாறா இல்லையா? தெரிந்த வக்கீல் சிரித்துவிட்டு, அதிகாரிகளிடம் எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

யார் தங்க வந்தாலும் முதல் மூன்று நாள் நான் அவர்கள் கூடவே நிற்க வேண்டும்: உலர் கழிப்பறையில் மரத்தூள் போடுவது, கிணற்றுப் பம்பு, குழம்பில் எவ்வளவு காரம், இருட்டினால் டார்ச் இல்லாமல் இறங்கக் கூடாது என்பது. பாய் கேட்டாலும் தருவதில்லை. இரவில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் கட்டுவிரியன் கடிக்கிறது. கட்டாயம் கட்டிலும் கொசுவலையும். நான்காம் நாளிலிருந்துதான் கணக்கு என் பக்கம் திரும்பும். ஒரு வாரத்தில் கிளம்புபவரால் எனக்கு நட்டம், இருபது நாள் இருப்பவரால் லாபம். புனேயிலிருந்து வந்த ஒரு மாணவன், மூன்று குச்சியை ஆங்கில A எழுத்துப் போலக் கட்டி, நூலில் கல் தொங்கவிட்டுச் சமமட்டம் பார்த்து, சரிவு முழுவதும் மழைநீர் ஓடாமல் நின்று ஊறும் வாய்க்கால் வெட்டினான். உள்ளூரில் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள், “வாய்க்கால் என்றால் தண்ணீர் ஓட வேண்டாமா, நிற்பதற்கு எதற்கு வாய்க்கால்?” என்று கேட்டிருப்பார்கள்.

அவன் இருந்தபோதுதான் பெரியம்மா கேட்டார்: “ஏன் தாயி, இந்தப் பிள்ளை கூலி வாங்காமல் செய்கிறானே, இனி நாங்கள் வர வேண்டாமா?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. களை, அறுவடை, சுமை ஆகியவை கூலி வேலை, அவற்றைத் தன்னார்வலருக்குத் தருவதில்லை என்று அன்றிரவு நானும் கணவரும் முடிவு செய்தோம். நாற்றுப்பை நிரப்புதல், மூடாக்கு, சமமட்ட வாய்க்கால், மண்சுவர் ஆகியவை அவர்களுக்கு. ஞாயிற்றுக் குழுக்களை நிறுத்திவிட்டோம். வர விரும்புபவர்கள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஆறு மணிக்கு வரட்டும் என்றதும் பன்னிரண்டு பேர் மூவர் ஆனார்கள். அந்த மூவர் இன்றும் வருகிறார்கள்.

வரும் புரட்டாசிக்கு, மழைக்கு முன், இருவருக்கு மட்டும் இடம்; குறைந்தது இரண்டு வாரம். முதல் காலை அவர்களுக்குத் தோட்டம் காட்டப்போவது நானல்ல, பெரியம்மா. அதற்கு ஒரு நாள் கூலி பேசியிருக்கிறோம். கோரைக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் காட்டட்டும். மூடாக்கைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரி என்று தலையை ஆட்டினார்.